இருபத்திரண்டு தாள்கள் நனைந்த கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருந்துக்கடை வாசலில் கிடைத்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "எங்கிருந்து சார் உங்களுக்குக் கற்பனை ஊற்றெடுக்குது?" என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம். அக்கா தொண்டைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள். நான் தலைவலிக்கு வாங்க வந்திருந்தேன்.

அக்கா மழலையர் பள்ளியில் டீச்சர். பதினான்கு வருடமாக நான்கு வயதுக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பவள். முழங்கால் போயிருக்கிறது, முதுகு போயிருக்கிறது, தொண்டை மட்டும் ஒருநாளும் போனதில்லை.

"என்னக்கா, குரலே வரல?"

"கத்திட்டேன்."

"யார்கிட்ட?"

"ஒரு நாலு வயசுப் பொண்ணுகிட்ட."

மாத்திரை அட்டையைக் கிழித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு, "நீ எழுதுறவன்தானே? இதை எழுது. ஆனா என்னை நல்லவளா எழுதித் தொலைக்காதே" என்றாள்.

அன்றிலிருந்து மூன்று வாரமாக நான் எழுதி அனுப்புகிறேன், அவள் திருத்தி அனுப்புகிறாள். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னை இந்தப் பாடு படுத்தியதில்லை.

2

[முதல் தொடக்கம்: "அந்த வகுப்பறையில் இருபத்திரண்டு மொட்டுகள் மலரக் காத்திருந்தன."

அக்காவின் குறிப்பு: "மொட்டா? நேத்து ஒரு மொட்டு என் கையைக் கடிச்சுது. பல்லு பதிஞ்சிருக்கு, வந்து பாரு."]

[இரண்டாவது தொடக்கம்: "கல்வி என்பது யாதெனில்"

அக்காவின் குறிப்பு: "வேண்டாம்."]

[மூன்றாவது தொடக்கம்: "விடியலின் மெல்லிய ஒளியில் அவள் பள்ளிக்கூடக் கதவைத்" — இதை நானே பாதியில் விட்டுவிட்டேன். பள்ளி ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும்.]

ஆகவே அலங்காரம் எதுவும் இல்லாமல் நேராக அறைக்குள் போய்விடுவோம். தரைத்தளம். முன்பு அங்கே ஒரு சலவைக்கடை இருந்தது. அதனால் மற்ற வகுப்புகளில் இல்லாத ஒரு வசதி, மூலையில் குழாயும் கை கழுவும் தொட்டியும் உண்டு. சுவரோரம் குழந்தைகளின் தோளுக்கு எட்டும் அலமாரி. மரக்கட்டைகள் ஒரு தட்டில், பூட்டும் சாவியும் ஒரு தட்டில், வேலை செய்யாத பழைய டெலிபோன் ஒன்று. ஈரத்துணி போர்த்திய வாளியில் களிமண். நடுவில் இரண்டு முக்காலிகள் மேல் ஒரு நீல டப். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற டப்தான். அதில் தண்ணீர், புனல், சல்லடை, ரப்பர் குழாய், விதவிதமான பாட்டில்கள்.

அக்காவின் பாடமுறை சுலபம். பொருள் முதலில் கைக்கு, பெயர் அப்புறம் வாய்க்கு. 'கனம்' என்று அவள் சொல்லித்தர மாட்டாள். ஒரு கையில் மரக்கட்டையும் இன்னொரு கையில் பஞ்சும் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பாள்.*

* "சும்மா இருப்பாள்" என்பதை அக்கா அடித்துவிட்டாள். பக்கத்தில் எழுதியிருந்தது: "அதுதான்டா இருக்கறதுலயே கஷ்டமான வேலை. இருபத்திரண்டு பேரு தண்ணியக் கொட்டறப்ப வாயை மூடிக்கிட்டு இருந்து பாரு."

3

இனி அந்தப் பெண். வகுப்பில் அவளுக்கு மழைக்கோட்டு என்று பெயர். தினமும் மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டுதான் வருவாள். வெயிலானாலும் சரி, கழற்றவே மாட்டாள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இதைப் படிக்கிற நீங்கள், மழைக்கோட்டு ஏதோ ஒன்றைக் குறிக்கிறது, குழந்தை தன்னை உலகத்திடமிருந்து மூடிக்கொள்கிறாள் என்றெல்லாம் பென்சிலால் கோடு போடக்கூடும். தயவுசெய்து போடாதீர்கள். விசாரித்துவிட்டேன். நடக்கும்போது அது சரசரவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

மழைக்கோட்டு ஆறு மாதமாக நீல டப்பை விட்டு நகரவில்லை. ஒல்லி பாட்டிலில் தண்ணீரை முட்ட நிரப்புவாள். அதைக் குட்டையான அகலக் கிண்ணத்தில் ஊற்றுவாள். கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். "மீதி எங்க?" என்று தரையில் தேடுவாள். திரும்ப ஒல்லி பாட்டிலில் ஊற்றினால் மறுபடியும் முட்ட நிறையும். அவளுக்குக் கோபமே வந்துவிடும். யாரோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்ப்பாள்.

ஒருநாள் ஊற்றிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள்.

"டீச்சர், இது அதேதான்."

"எது?"

"இது நிக்குது. இது படுத்திருக்கு. அதே தண்ணிதான்."

அன்று சாயங்காலம் அக்கா எனக்கு போன் செய்து இதைச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. நான் வேறு ஏதோ வேலையில் இருந்தேன். "ம்ம்" என்றேன். இப்போது அந்த "ம்ம்"முக்குத்தான் மூன்று வாரமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

4

பெற்றோர் கூட்டத்தன்று மழைக்கோட்டின் அப்பா வந்தார். லிஃப்ட் மெக்கானிக். விரல் இடுக்கில் கிரீஸ் கறை. குழந்தைகள் உட்காருகிற நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

[என் முதல் பிரதியில் இவரை வில்லனாக எழுதியிருந்தேன். மீசை வைத்து, மேஜையைத் தட்டவிட்டு. அக்கா மீசையைச் சிரைத்துவிட்டாள். "மேஜையெல்லாம் தட்டல. அழுதுடுவாரோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு."]

"மேடம், பெரிய ஸ்கூல்ல ஃபார்ம் குடுத்தேன். பேரு எழுதச் சொன்னாங்க. முதல் எழுத்தே இவளுக்கு வரல. பேனாவை வாங்கி மூடியக் கழட்டி, உள்ள ஊதிப் பாக்கறா. அங்க இருந்த அம்மா சிரிச்சுட்டு ஃபார்மைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. மூணு மாசம் கழிச்சு வாங்கன்னாங்க."

"பேனாவுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்திருக்கா சார்."

"அது எனக்குத் தெரியாதா மேடம்? நானும் சின்ன வயசுல எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டவன்தான். அதனாலதான் இப்பவும் பிரிச்சுப் போட்டுக்கிட்டே இருக்கேன்." காகிதத்தை மறுபடி நான்காக மடித்தார். "ஆறு மாசமா தண்ணி ஊத்திட்டு இருக்கா. எப்ப எழுதுவா?"

அக்காவிடம் இதற்கு ஒரு பதில் உண்டு. விரல் வலு வர வேண்டும், களிமண் பிசைவதும் எழுத்துப் பயிற்சிதான், அவசரப்பட்டால் வெறுப்புதான் வரும் என்று அரைமணி நேரம் பேசுவாள். அன்றைக்கு அந்தப் பதில் அவள் வாயில் வரவில்லை. மூன்று மாதம் என்று அவர் சொல்லிவிட்டார். அவளுடைய பதிலில் மாதக்கணக்கு எதுவும் இல்லை.

பிரின்சிபாலிடம் கணக்கு இருந்தது. கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்ட அந்த அம்மாள், கூட்டம் முடிந்ததும் சொன்னார்: "டீச்சர், போதும். திங்கக்கிழமையிலேருந்து ஒர்க்ஷீட். தினம் ஒரு எழுத்து, புள்ளிக் கோட்டு மேல எழுதணும். டப்பை மொட்டை மாடி ஸ்டோருக்கு அனுப்பிடுங்க. வியாழக்கிழமை முதல் செட்டை எல்லா வீட்டுக்கும் அனுப்பறோம்."

"மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா?"

"போன வருஷம் சொன்னீங்க. அதுக்கு முந்தின வருஷமும் சொன்னீங்க."

5

இங்கே என் அக்கா வெகுண்டெழுந்து மறுத்திருக்க வேண்டும். கதாநாயகி அப்படித்தானே செய்ய வேண்டும்? அவள் மறுக்கவில்லை. மறுவார்த்தை பேசாமல் டப்பைத் தானே மூன்று மாடி தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு, இறங்கி வந்து தாள்களை அடுக்கினாள்.

"ஏன்க்கா?" என்று கேட்டேன்.

"களைப்புடா."

திங்கள், செவ்வாய், புதன். தாளில் புள்ளிக் கோடு, அதன்மேல் பென்சில். ஒருவன் பென்சில் முனையைச் சாப்பிட்டான். ஒருத்தி புள்ளிகளை எல்லாம் எறும்பாக்கிக் கால் வரைந்தாள். "கோட்டு மேல, கோட்டு மேல" என்று அக்கா ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்னாள். மூன்றாம் நாள் தன் குரலைத் தானே கேட்கப் பிடிக்கவில்லை என்றாள். மழைக்கோட்டு தாளைத் தொடவே இல்லை. டப் இருந்த இடத்தில், வெறும் முக்காலிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

புதன்கிழமை மதியம், மழைக்கோட்டின் வெற்றுத் தாள் உட்பட இருபத்திரண்டு தாள்களையும் திருத்தி, மேலே நட்சத்திரம் போட்டு, மேஜையில் வைத்துவிட்டு அக்கா ஒரு பையனுக்கு மூக்குச் சிந்தப் போனாள். மூன்று நிமிடம் இருக்கும். திரும்பியபோது மேஜை காலி.

கை கழுவும் தொட்டியில் தண்ணீர் திறந்திருந்தது. முக்காலி மேல் ஏறி நின்ற மழைக்கோட்டு, தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை வெள்ளைக் கூழ். அது வடிகாலை அடைத்து, தொட்டி நிரம்பி, தரையில் இறங்கி, கதவடியில் புகுந்து வராந்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"டீச்சர், பேப்பர் மாவாயிடுச்சு!" என்றாள், சந்தோஷம் தாங்காமல்.

வராந்தாவிலிருந்து பிரின்சிபால், "டீச்சர்! என்ன இது?" என்று கூப்பிட்டார்.

அக்கா கத்தினாள்.

[இங்கே நான் "அவள் பொறுமை இழந்தாள்" என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குத் தாவியிருந்தேன். அக்கா போன் செய்தாள். "என்னடா, டப்புனு தாண்டிட்டே? நான் என்ன சொன்னேன்னு எழுது." "வேண்டாம்க்கா, படிக்கிறவங்க உன்னைத் தப்பா நெனப்பாங்க." "நெனக்கட்டும்." சரி. எழுதுகிறேன்.]

"அறிவிருக்கா உனக்கு? எத்தனை தடவை சொல்றது? ஒரு வேலையாவது உருப்படியா செய்யத் தெரியுமா? வாயத் திறக்காதே!"

மணிக்கட்டைப் பிடித்து முக்காலியிலிருந்து இறக்கினாள். இழுத்து இறக்கினாள். சுவரோர நாற்காலியில் உட்காரவைத்து, நனைந்த மழைக்கோட்டை உரித்தாள். உள்ளே கால்சட்டையும் நனைந்திருந்தது. அது தொட்டித் தண்ணீர் இல்லை.

குழந்தை அழவில்லை. அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படி.

6

இரண்டு நாள் மழைக்கோட்டு வரவில்லை. அந்த இரண்டு நாளில்தான் மருந்துக்கடை.

[இந்த இடத்தில் நான் எழுதி அக்கா கிழித்தவை: குழந்தை காய்ச்சலில் படுத்திருக்க டீச்சர் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள் (கிழிந்தது). குழந்தை மன்னிப்புக் கேட்டுப் படம் வரைந்து அனுப்புகிறாள் (இது இரண்டாகக் கிழிந்தது). டீச்சர் கண்ணாடி முன் நின்று தன்னையே (இதை அனுப்பவே இல்லை, எனக்கே வெட்கமாகிவிட்டது).]

சனிக்கிழமை அரைநாள் வகுப்பு. மழைக்கோட்டு வந்தாள். அக்கா பேச வாயெடுப்பதற்குள் சரசரவென்று கட்டை மூலைக்குப் போய்விட்டாள்.

அங்கே மரக்கட்டைகளை வரிசையாக நிறுத்தினாள். எண்ணவில்லை, கைக்கு வந்தவரை நிறுத்தினாள். எதிரே தான் நின்றாள். வரிசையில் ஒரு சின்னக் கட்டையைத் தேர்ந்தெடுத்து இழுத்துத் தனியே வைத்தாள். பிறகு குனிந்து அதன் முகத்துக்கு நேரே:

"அறிவிருக்கா உனக்கு? எத்தனை தடவை சொல்றது? ஒரு வேலையாவது உருப்படியா செய்யத் தெரியுமா?"

ஒரு சொல் பிசகவில்லை. "உருப்படியா"வில் அக்கா கொடுத்த அழுத்தம் உட்பட. முதல் எழுத்து வராத பெண்ணுக்கு மூன்று வாக்கியம் ஒரே தடவையில் மனப்பாடமாகியிருந்தது.

பக்கத்திலிருந்த பையன், "ஏன் அத திட்டற?" என்று கேட்டான்.

"அது ஷீட்ட நனைச்சிடுச்சு. வாயத் திறக்காதே!"

அக்கா அறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பதினான்கு வருடமாக, குழந்தைகள் கையில் கிடைத்ததை வைத்து விளையாடித்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்று எல்லோரிடமும் வாதாடியவள். அவள் கையில் கொடுத்ததைத்தான் அந்தக் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எழுதுறவன் மாதிரி கேக்காதே" என்று போனை வைத்துவிட்டாள். அரைமணி கழித்து அவளே கூப்பிட்டாள். "ஓடிப்போய் அந்தக் கட்டையை எடுத்து ஒளிச்சு வைக்கணும் போல இருந்துச்சு. போதுமா?"

ஒளித்துவைக்கவில்லை. போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

மழைக்கோட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "டீச்சர், லைன்ல உக்காருங்க."

அக்கா நகர்ந்து கட்டைகளோடு வரிசையில் உட்கார்ந்தாள்.

"நீதான் ஷீட்ட நனைச்சியா?"

"ஆமா டீச்சர்" என்றாள் அக்கா. குரல் இன்னும் கரகரத்தது.

"அறிவிருக்கா உனக்கு?" மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். சின்னக் கைதான், ஆனால் முழு பலத்தோடு. அக்கா இழுத்த பக்கம் போனாள். சுவரோர நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டாள். அந்த நாற்காலி எவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்தது என்றாள்.

"தெரியாம பண்ணிட்டேன் டீச்சர்" என்றாள் அக்கா.

மழைக்கோட்டுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"தெரியாம ஒண்ணும் இல்ல. பேப்பர் என்னாகுதுன்னு பாக்கறதுக்குப் பண்ணின."

அக்கா விளையாட்டுக் குரலை விட்டுவிட்டுத் தன் குரலில் சொன்னாள்: "நான் அன்னைக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. கையப் புடிச்சு இழுத்திருக்கவும் கூடாது. தப்பு என்மேலதான்."

குழந்தை அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. "எந்திரி. அடுத்தது நீ டீச்சர், நான் கட்டை" என்றாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள்: "ஆனா கத்தக் கூடாது. கத்தாத டீச்சர்."

அந்த விளையாட்டு பன்னிரண்டு மணி வரை நடந்தது.

7

மதியம் கேட்டருகே லிஃப்ட் மெக்கானிக்கை நிறுத்தி அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கத்தியதை, கையை இழுத்ததை, கால்சட்டை நனைந்ததை. வேலை போகலாம் என்று தெரிந்துதான் சொன்னாள்.

அவருக்குக் காதோரம் சிவந்தது.

"ரெண்டு நாளா வீட்ல தலையணையை எல்லாம் வரிசையா வெச்சு இதைத்தான் விளையாடறா மேடம். என்கிட்டேருந்து கத்துக்கிட்டான்னு என் சம்சாரம் என்னைப் போட்டு வறுத்து எடுத்துட்டா. ரெண்டு நாள்! நான் அப்படிப் பேசவே இல்லன்னு சத்தியம் பண்றேன், நம்ப மாட்டேங்கறா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"என்னைய ஏன் நம்பலன்னா," என்றார் அவர், குரலை இறக்கி, "நானும் கத்துவேன். வேற வார்த்தை. அவ்ளோதான்." மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னொரு தடவை எம்பொண்ணு மேல கை வெச்சீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன் மேடம்."

"இருக்கக் கூடாது."

நாலடி போய்விட்டுத் திரும்பினார். "எழுத்து?"

பாருங்கள், மனிதர் விடவில்லை. விடவும் கூடாதுதான். மூன்று மாதத்தில் ஒரு வாரம் கழிந்திருந்தது.

8

இப்போது முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

முதல் முடிவில் காகிதக் கூழ் காய்ந்து தகடாகிறது. மழைக்கோட்டு அதன்மேல் விரலால் தன் பெயரை எழுதுகிறாள். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. அக்கா: "எழுதலடா. எழுதியிருந்தா உன்கிட்ட சொல்லாம இருப்பேனா? அந்தக் கூழை அன்னைக்கே குப்பையில போட்டாச்சு."

இரண்டாவது முடிவில் அப்பா திங்கட்கிழமை வகுப்புக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுத் தண்ணீரில் கை விடுகிறார். அக்கா: "அன்னைக்கு அவர் வரவே இல்ல. எங்கேயோ லிஃப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்களாம்."

மூன்றாவதில் அக்கா ராஜினாமா செய்கிறாள். இதற்கு அவள் குறிப்பு எதுவும் எழுதவில்லை. வெறுமனே ஒரு கோடு.

நடந்தது வரை சொல்கிறேன். திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அக்கா மொட்டை மாடி ஸ்டோரிலிருந்து டப்பை இறக்கிக்கொண்டு வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. படியில் இரண்டு இடத்தில் இடித்து அடியில் விரிசல் விட்டது. நிரப்பி முக்காலிகள் மேல் வைத்தாள். பக்கத்து மேஜையில் பயிற்சித் தாள்களையும் பென்சில்களையும் வைத்தாள். அந்த அப்பாவின் கேள்வியை அவளால் ஒதுக்க முடியவில்லை. குழந்தைகள் வந்தார்கள். பதினைந்து பேர் டப்பில், நாலு பேர் தாளில், ஒருவன் இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தான். மீதி இரண்டு பேர் சண்டையில். விரிசலிலிருந்து தண்ணீர் கசிந்து, பழைய வழி தெரிந்த மாதிரி, கதவை நோக்கிப் போனது.

கதவு திறந்தது. பிரின்சிபால். செருப்பு நுனி நனைந்தது. கீழே பார்த்தார், டப்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"இது என்ன டீச்சர்?"

அக்கா பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதில்தான் தகராறு. செவ்வாய்க்கிழமை என்னிடம், "'வகுப்பு, மேடம்'னு சொன்னேன்" என்றாள். வியாழக்கிழமை, "ஒண்ணுமே சொல்லல. ஒரு பாட்டிலை எடுத்து அவங்க கையில குடுத்தேன்" என்றாள்.

"எதுதான்க்கா நெஜம்?"

"ரெண்டும் இல்ல. ரெண்டும் அப்புறம் தோணினது."

"அப்ப என்னதான் சொன்னே?"

"நீயே சொல்லேன். நீ நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

ஏழு பதில் எழுதிப் பார்த்தேன். ஏழும் எழுதுகிறவன் பதில். கேட்டால் கைதட்டலாம், அந்த அம்மாளிடம் சொல்ல முடியாது. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் இருபத்திரண்டு வீட்டிலிருந்து போன் வருகிறது. அன்றைக்கு லிஃப்ட் மெக்கானிக்குக்கு இன்னும் பதினொரு வாரம் இருந்தது. நான் தோற்றேன், அக்கா சொல்லமாட்டேன் என்கிறாள், தலைவலி மாத்திரையும் தீர்ந்துவிட்டது.

ஆகவே நீங்களே வந்து அந்த இடத்தில் நில்லுங்கள். பிரின்சிபால் கேட்டுவிட்டார், இன்னும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். டப் ஒழுகுகிறது. ஏதாவது சொல்லுங்கள், ஆனால் கத்தாமல் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருத்தி உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.